நோன்பு மாதத்தில் எடுத்த ஏழு அலைகள்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பரிசோதனையை முடித்துவிட்டு என்னிடம் ஓடிவந்து, "அலை நல்ல சுத்தமா வந்திருக்கு நானா" என்று யாரும் சொல்ல வேண்டாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சுத்தமாக வந்திருக்கிறது, சரி. அந்தக் கண் அப்போது எப்படி இருந்தது என்று கேட்டால், உங்களில் பாதிப்பேர் திரும்பிக் கணினியைப் பார்க்கிறீர்கள். கணினியில் கண் இல்லை, பிள்ளைகளே. கண் நோயாளியின் கதிரையில் இருக்கிறது.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. போன மாதம் என் சொந்தக் கண்ணுக்கு மருந்தெடுக்கக் கிளினிக்குக்கு வந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்கள் நாலு பேரையும் ஓரமாக இருந்து பார்த்தேன். நல்ல வேகம். படிப்பும் என்னைவிட அதிகம். ஆனாலும் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் ஏறியது. அது உங்கள் மேல் வந்ததா, என் மேல் வந்ததா என்று பஸ்ஸில் போகும்போது யோசித்தேன். பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மேல் வந்த பாதியை இறக்கி வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது பத்தாம் வகுப்பு வரைக்கும்தான். தொண்ணூறில் முஸ்லிம்களையெல்லாம் வெளியேற்றியபோது மன்னாரை விட்டு வந்து, தில்லையடி முகாமில் ஓலைக் கொட்டில் ஒன்றில் ரேடியோ திருத்திக்கொண்டிருந்தவன். யுத்தம் முடிந்த பிறகு சில நல்ல மனிதர்கள் சேர்ந்து இந்தக் கிளினிக்கைத் திறந்தார்கள். வெளிநாட்டில் யாரோ பாவித்து முடித்த விழித்திரை இயந்திரம் ஒன்றும் பெட்டியில் வந்து இறங்கியது. அதைப் பூட்டி ஓடவிட்டார்கள். இரைச்சலைத் தவிர வேறொன்றும் வரவில்லை. இரைச்சல் பிடிக்கிற ரேடியோக்காரன் ஒருவன் இருக்கிறான் என்று யாரோ சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். இரைச்சலைப் பிடிக்கப் போனவன் அங்கேயே இருந்துவிட்டேன். கூட வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதியோடு மூன்று தரம் வாசித்தேன். மூன்றாம் தரம்தான் விளங்கியது.

அந்த இயந்திரம் செய்கிற வேலை உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டார் யாரும் இதை வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு திரையில் தேன்கூட்டுக் கட்டங்கள் கறுப்பும் வெள்ளையுமாய் மாறி மாறி மின்னும். நோயாளி நடுவிலுள்ள குறியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மயிரைவிட மெல்லிய நூல் ஒன்று கீழ் இமைக்குள் படுத்திருக்கும். ஒவ்வொரு மின்னலுக்கும் விழித்திரை எழுப்புகிற துளி மின்சாரத்தை அந்த நூல் எடுத்துக் கொடுக்க, கணினி அதை அலையாகவும் குன்றாகவும் வரைந்து காட்டும். நடுப்பார்வை நன்றாக இருந்தால் நடுவிலே ஒரு குன்று நிமிர்ந்து நிற்கும். நோய் தின்ற கண்ணில் அந்தக் குன்று சரிந்திருக்கும். இதெல்லாம் ஒழுங்காக வர, கண்மணி நன்றாக விரிந்திருக்க வேண்டும். அதற்காக முன்கூட்டியே மூன்று தரம் சொட்டு மருந்து விடுவார்கள்.

நான் சொல்லப்போகிற வருடத்தில் என் தலைக்குள் இருந்ததெல்லாம் பக்கத்து வளவு ஐஸ் தொழிற்சாலைதான். அவர்கள் மோட்டாரைப் போட்டால் என் அலையெல்லாம் மீன் செதிள் மாதிரி சிலிர்த்துக்கொண்டு நிற்கும். வயரை மாற்றினேன். நிலத்தில் செப்புக் கம்பி இறக்கினேன். அறையின் சுவருக்குத் தகரம் அடித்தேன். கடைசியில் தொழிற்சாலை முதலாளியிடம் போய், மத்தியானம் இரண்டு மணித்தியாலம் மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் பெரிய மனது பண்ணி, நோன்பு மாதம் மட்டும் நிறுத்துவதாகச் சொன்னார். அவருடைய ஆட்களும் அந்த நேரம் களைத்துப் போய்த்தான் கிடப்பார்கள் என்றார். நோன்பு முதல் வாரமே அலை எண்ணெய் பூசியதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. யார் வந்தாலும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு நாள் தண்ணீர் பில் கொண்டுவந்த ஆளுக்கும் காட்டினேன்.

அந்த மாதத்தில்தான் ஜெஸீமா வந்தாள்.

தில்லையடியில் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறவள். முப்பத்துநாலு முப்பத்தைந்து வயது. கணவர் உப்பு லொறி ஓடுகிறவர். அவளுக்கு லூபஸ் என்ற வருத்தம் இருந்தது. உடம்பைக் காக்க வைத்த காவற்காரன் வீட்டுக்காரனையே அடிக்கத் தொடங்கினால் எப்படி, அந்த மாதிரி நோய். சில வருடங்களுக்கு முன் அது சிறுநீரகத்தைப் பிடித்து, முகமெல்லாம் வீங்கி, பிழைக்கமாட்டாள் என்று வீட்டில் யாசீன் ஓதவும் தொடங்கியிருந்தார்களாம். அதிலிருந்து மீண்ட பிறகு, தினமும் எடுக்கிற ஒரு குளிசைதான் அந்தக் காவற்காரனைக் கட்டிப்போட்டு வைத்திருந்தது. ஆனால் அதே குளிசை, வருடக்கணக்கில் எடுத்தால் சிலருக்கு விழித்திரையின் நடுப்பகுதியைத் தின்னும். ஆகையால் வருடத்துக்கு ஒரு தரம் நம்மிடம் வந்து அலை எடுத்துக் காட்டிவிட்டுப் போவாள். நிறுத்தினால் சிறுநீரகம், நிறுத்தாவிட்டால் கண். அவளுடைய வாழ்க்கை நடந்த வரம்பு அவ்வளவு அகலம்தான்.

முந்திய வருடம் அவளுடைய குன்று நன்றாக நின்றது. அந்த நோன்பில் எடுத்தபோது இரண்டு கண்ணிலும் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

இரைச்சல் ஒரு துளி கூட இல்லை. அப்படி ஒரு சுத்தமான அலை அதற்கு முன் நான் எடுத்ததேயில்லை. சுத்தமாக வந்ததனாலேயே அதை நம்பினேன். முகாமில் ரேடியோ திருத்தக் கொண்டுவருகிற ஒரு கிழவர் சொல்வார், "சத்தமில்லாத ரேடியோவெல்லாம் நல்ல ரேடியோ இல்ல தம்பி, செத்து மௌத்தான ரேடியோவும் சத்தம் போடாது" என்று. அந்த மனிதர் சொன்னதை நூறு பேருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். வேண்டிய நேரத்தில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தக் குளிசை தின்றால் பொதுவாக நடுப்புள்ளியைச் சுற்றி வளையமாகத்தான் முதலில் கடிக்கும். இவளுக்கோ நடு, ஓரம் என்று பார்க்காமல் எல்லா இடமும் ஒரே அளவில் தாழ்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. பதறாத காரியம் சிதறாது என்று வாயால் சொல்லிக்கொண்டு திரிகிறவன்தான் நான். அன்று கொழும்பு டொக்டர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருகிற நாள். அவர் மூன்று மணிக்குத் திரும்ப வேண்டும். வெளியே அவரைப் பார்க்க இன்னும் எட்டுப் பேர். சோளகக் காற்று மணலை அள்ளி ஜன்னலில் அடிக்கிறது. எனக்கு நோன்புத் தலையிடி.

டொக்டர் இரண்டு வருடத்துத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விழித்திரையை வெட்டிப் பார்த்ததுபோல் படமெடுக்கிற இயந்திரம் அப்போது நம்மிடம் இல்லை. கொழும்பில் முறை கிடைக்க மாதக்கணக்காகும். அது வரும்வரைக்கும் ஆபத்தை வாங்க வேண்டாம், குளிசையை நிறுத்துவோம் என்றார். லூபஸுக்கு மருந்து கொடுக்கிற மூட்டு கிளினிக் டொக்டருக்கும் கடிதம் எழுதினார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். என் கையால் கொடுத்த தாளை நம்பித்தான் அவர் எழுதினார். ஜெஸீமா கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு, ஸலாம் சொல்லிவிட்டுப் போனாள்.

பெருநாள் முடிந்து இரண்டு வாரமிருக்கும். மதுரங்குளியிலிருந்து ஒரு வயசாளி வந்திருந்தார். மிஸி அவருக்குச் சொட்டு விட்டுவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பினாள். நம்முடைய மிஸி சிலாபப் பக்கத்துச் சிங்களத் தாதி, தமிழைத் தட்டித் தடவிக் கதைப்பாள், வேலையில் தங்கம். அவள் திரும்பிய கையோடு இந்த மனிதர் சாரத்தின் நுனியை எடுத்துக் கண்ணை அழுத்தித் துடைத்தார். அவள் இரண்டாம் தரம் விட்டாள். அவர் திரும்பவும் துடைத்தார்.

நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். மருந்து எரிகிறதா என்று கேட்டேன்.

"எரிவில்ல மவன். பெருநாளுக்குப் பொறகு பிடிக்கிற ஆறு நோன்பு பிடிச்சிருக்கன். இது தொண்டைக்கு எறங்கி கசக்கும். நோன்பு போயிருமே" என்றார். மிஸியிடம் சொன்னால் அந்தப் புள்ளைக்கு மனசு நோகும், அதனால் அவள் பார்க்காத நேரம் துடைத்துவிடுகிறேன் என்று மெதுவாகச் சேர்த்துச் சொன்னார்.

சொட்டு மருந்தால் நோன்பு முறியாது என்று நம்முடைய ஆலிம்கள் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்கள். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன? நாங்கள் நாங்கள்தான். மறுத்துச் சொல்லமாட்டோம். அது மரியாதையில்லை. தலையாட்டுவோம், கண்ணைத் திறந்து காட்டுவோம், வாங்குவோம், பிறகு துடைத்துவிடுவோம். நோயாளி "ஓம்" என்றால் அதில் பாதி ஸலாம்தான் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது எனக்குத் தெரியாத ஊர் வழக்கமா? நானும் அதே நோன்பைப் பிடித்தவன். நோன்பு நாட்களில் எச்சில் விழுங்கவே யோசிக்கிற என் மனைவியோடு முப்பது வருடம் வாழ்ந்தவன்.

அந்த வயசாளியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய், நோன்பு மாதத்துக் கோப்புகளை மேசையில் பரப்பினேன். மொத்தம் பதினொரு பேர். நாலு பேருடைய குன்றுகள் நோய்க்குத் தக்கபடி ஏறியும் இறங்கியும் இருந்தன. அவர்கள் முந்தலிலிருந்து வந்த தமிழ் ஆட்கள் இரண்டு பேர், சிலாபப் பக்கத்து வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், இரண்டு பேர். மற்ற ஏழு பேருக்கும் எல்லாம் ஒரே மாதிரித் தாழ்ந்திருந்தது. ஏழு பேரும் நோன்பாளிகள். முஸ்லிம்களை மட்டும், அதுவும் ஒரு மாதத்துக்கு மட்டும் பிடிக்கிற புதுக் கண்நோய் ஒன்றை நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அந்த அலைகளைத்தான் தண்ணீர் பில்காரனுக்கும் காட்டினேன்.

அந்த ஏழில் ஆறு பேருக்கு அலையை வைத்து எந்த முடிவும் எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டு எடுத்தால் போதும். ஏழாவது தாள் ஜெஸீமாவுடையது. குளிசையை நிறுத்தி அன்றைக்கு முப்பத்துநாலு நாள்.

மிஸியைக் கூப்பிட்டேன். ஜெஸீமாவின் கோப்பில் சொட்டு விட்டதற்கு மூன்று டிக் இருந்தது. மிஸிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அனே நானா, மூணு தரம் போட்டேன் தானே. துடைச்சா நான் எப்படித் தெரியும்?" என்றாள். அவள் சொன்னது நியாயம். ஆனால் அந்த நிமிடம் என் மனதில் வந்ததையும் சொல்லத்தான் வேண்டும். டிக் போட்டது அவள். அந்தத் தாளைக் காட்டினால் நான் தப்பிவிடலாம். "மருந்து விடப்பட்டதாகப் பதிவு உள்ளது" என்று ஒரு வரி எழுதினால் போதும். இப்படி ஒரு வரி உங்களுக்கும் ஒரு நாள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும். அது சட்டப்படி சரியாகவும் இருக்கும்.

நான் டொக்டருக்குப் போன் எடுத்தேன். அவர் அடுத்து வர இன்னும் எட்டு நாள் இருந்தது. விசயத்தைச் சொன்னேன்.

"அப்ப மெஷின் பிழையா?" என்று கேட்டார்.

"மெஷின் சரி சேர். நான் கண்மணியப் பார்க்கல்ல. டிக் இருந்திச்சு, அதப் பார்த்தன்."

அவர் கேட்டார்: "அந்த டிக் எத்தனை மில்லிமீட்டர்?"

விரிந்த கண்மணியை மில்லிமீட்டரில்தான் அளப்பது. ஊகத்தை வைத்து மருந்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது, முதலில் அவளைக் கொண்டுவந்து ஒழுங்காக எடுங்கள், எடுத்ததும் எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தில்லையடிக்குப் போனேன். ஜெஸீமா வீட்டு முன்னறையில் ஏழெட்டுப் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடி நான் பார்த்தது அவளுடைய கையை. பக்கத்தை விரலால் புரட்டவில்லை. உள்ளங்கையின் ஓரத்தை வைத்துத் தள்ளிப் புரட்டினாள். விரல் மடங்கவில்லை. காலைப் பாவாடைக்குள் இழுத்து மறைத்தாள், ஆனாலும் கணுக்கால் தெரிந்தது. அழுத்தினால் குழி விழுகிற வீக்கம்.

பிள்ளைகளுக்கு லீவு கொடுத்து அனுப்பிவிட்டு, கதிரை போட்டு என்னை இருக்கச் சொன்னாள்.

"நோன்பில மருந்து விட்டாங்களே தங்கச்சி, நீங்க அதத் தொடச்சீங்களா?"

அவள் முந்தானையைத் தலையில் சரிசெய்தாள். "யாரு சொன்ன?"

"யாரும் சொல்லல்ல. உங்கட அலை சொல்லுது."

"அலை அன்டைக்கும் சொன்னதுதானே. குளிசை கண்ணத் திண்டுட்டெண்டு. இப்ப அதே அலை வேற கதெ கதைக்குதா?"

நான் பிழையாக வாசித்துவிட்டேன் என்று சொன்னேன். கண்மணி விரியாத கண்ணில் எடுத்த அலை அப்படித்தான் தாழ்ந்து வரும், கண்ணுக்கு ஒன்றும் ஆகாமலே இருந்திருக்கலாம், குளிசையை நிறுத்தியிருக்கவே தேவையில்லாமல் இருந்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடிய எழும்பினால் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை என்பதை வீட்டில் யாரிடமும் அவள் சொல்லியிருக்கவில்லையாம். கண்ணுக்காகத்தானே என்று பொறுத்திருக்கிறாள்.

பிறகு தலையை நிமிர்த்திக் கேட்டாள்.

"நான் தொடச்சது பிழைதான் நானா. அதுக்கு அல்லாஹ்கிட்ட நான் கேட்டுக்கொள்றன். ஆனா நீங்க என்ட முகத்துக்கு நேரே அரை மணித்தியாலம் இருந்தீங்க. உங்கட கையாலதான் அந்த நூலையும் வெச்சீங்க. என்ட கண்ண நீங்க பார்க்கல்லையா?"

சாக்குகள் என்னிடம் இருந்தன. அறை மங்கிய வெளிச்சம். நம்முடைய ஆட்களின் கறுத்த கண்ணில் டோர்ச் அடித்துப் பார்க்காமல் கண்மணி எது, அதைச் சுற்றிய வளையம் எது என்று தெரியாது. எல்லாம் உண்மை. நாக்கு நுனிவரை வந்தன.

"அலையப் பார்த்துக்கொண்டு இருந்துட்டன் தங்கச்சி" என்றேன்.

அவள் எழும்பி உள்ளே போனாள். கதவைச் சாத்திவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஹபாயாவைப் போட்டுக்கொண்டு, கைப்பையோடு வந்து நின்றாள். நோன்பு மாதத்தில் விடுபட்ட நாட்களைப் பிடித்துக்கொண்டிருப்பதாகவும், அன்றும் நோன்பு என்றும் சொன்னாள். அப்படியானால் நாளைக்கு வாருங்கள், நோன்பில்லாத நாளில் எடுப்போம் என்றேன்.

"நாளைக்கு நீங்க இன்னொரு கதெ கொண்டு வருவீங்க. இன்டைக்கே எடுங்க."

சொட்டு மருந்தால் முறியாது என்று ஆலிம்கள் சொல்கிறார்கள்தானே என்று ஆறுதலாக ஆரம்பித்தேன்.

"நானும் பயான் கேட்டவதான். தொண்டைக்கு ஃபத்வா விளங்குமா?" என்றாள். "போனா இன்னொரு நாள் பிடிச்சுக்குவன். நடங்க."

அவளுடைய மாமியும் துணைக்கு ஏறிக்கொள்ள, முச்சக்கர வண்டி ஒன்றில் வந்து சேர்ந்தார்கள். மிஸி மருந்து விட்டாள். நான் பக்கத்திலேயே நின்றேன். முதல் சொட்டில் ஜெஸீமாவின் கை தானாகவே முக்காட்டு நுனிக்குப் போனது. பாதி வழியில் நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டாள். கசப்பு இறங்கியபோது முகத்தைச் சுளித்தாள், கைக்குட்டையில் துப்பினாள். மூன்று தரம். அரை மணித்தியாலம் கழித்து டோர்ச்சை அடித்து, அளவு அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தேன். எட்டு மில்லிமீட்டர். மற்றதும் எட்டு. வெளிச்சம் பட்டும் அசையவில்லை.

நோன்பு மாதம் முடிந்துவிட்டதால் ஐஸ் தொழிற்சாலை மோட்டார் பழையபடி ஓடிக்கொண்டிருந்தது. அன்று வந்தது அசிங்கமான அலை. செதிள் செதிளாய்ச் சிலிர்த்து, பார்க்கச் சகிக்கவில்லை. அந்தச் சிலிர்ப்புக்குள்ளே குன்று நின்றது. மூன்று தரம் திரும்பத் திரும்ப எடுத்தேன். மூன்று தரமும், இரண்டு கண்ணிலும், முந்திய வருடம் நின்ற உயரத்திலேயே நின்றது. வளையக் கடி எங்குமில்லை.

டொக்டர் போனில் எண்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். இரண்டு தரம் வாசித்தேன். கண்மணி அளவை அவர் கேட்கும் முன்பே சொன்னேன். மூட்டு கிளினிக் டொக்டரோடு தானே கதைப்பதாகவும், இன்றைக்கே குளிசையைத் திரும்பத் தொடங்கலாம் என்றும், நாளைக் காலையில் சிறுநீர் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

ஜெஸீமா கைப்பையைத் திறந்து குளிசைப் பெட்டியை எடுத்தாள். வீசிவிட மனம் வராமல் அலுமாரியில் வைத்திருந்தாளாம். திறக்கவில்லை, நோன்பு திறக்கிற மஃரிபுக்கு இன்னும் நேரமிருந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பழைய கடிதத்தையும் எடுத்து விரித்தாள்.

"இதில ஒராளுட பேரும் இல்ல நானா. 'குறைவு காணப்படுகிறது' எண்டு இருக்கு. யாரு கண்ட? யாரு பார்த்த? இப்ப எடுத்தத நீங்க எழுதித் தாங்க. உங்கட பேரப் போட்டு."

டொக்டரைக் கேட்டிருந்தால், மறுபரிசோதனையில் முன்னேற்றம் என்று எழுதச் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. தமிழில் எழுதினேன். நோன்பு மாதத்தில் எடுத்த பரிசோதனை செல்லாது, அன்று கண்மணி விரிந்திருக்கவில்லை, பரிசோதித்த நான் அதைப் பார்க்கவில்லை, பிழை என்னுடையது என்று எழுதி, பெயரைப் போட்டுக் கையெழுத்து வைத்தேன். மிஸி தோளுக்கு மேலாலே எட்டிப் பார்த்தாள். தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனாலும் தன்னுடைய பெயர் அதிலே இல்லை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

ஜெஸீமா அதை ஓதிக் கொடுக்கிறவளின் பழக்கத்தில் உதடசைய வாசித்தாள். முடிவுவரை போய், திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள். "சரி" என்று மடித்துக் குளிசைப் பெட்டிக்குள் வைத்தாள்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். மறுநாள் சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்தது. வலிய மருந்துகள் கொடுக்க வேண்டி வந்தது. அந்த மருந்தில் அவளுடைய முகம் உப்பிப்போய், ஓத வருகிற சின்னப் பிள்ளைகள் வேறு யாரோ என்று வாசலிலே நின்றுவிட்டார்களாம். அடங்குவதற்கு ஆறேழு மாதம் எடுத்தது. அவளுடைய கணவர் அந்த ஆறேழு மாதமும் என்னைத் தெருவில் கண்டால் லொறியின் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போவார். அதை நான் பிழை என்று சொல்லமாட்டேன். சிறுநீரகம் தப்பியது. கண்ணும் இருக்கிறது. நம்முடைய பரிசோதனைத் தாளில் கண்மணி அளவுக்கென்று ஒரு கட்டம் இருக்கிறதே, நீங்கள் சில நாள் நிரப்பாமல் விடுகிறீர்களே, அந்தக் கட்டத்தைக் கோடு போட்டுச் சேர்த்தது அந்த வாரம்தான். நோன்பு மாதத்தில் அவசரமில்லாத ஆட்களைப் பெருநாளுக்குப் பிறகு வரச் சொல்வதும் அப்போது தொடங்கியதுதான். அவசரமானவர்களிடம் நாமே முந்திக்கொண்டு கேட்டுவிடுகிறோம்: துடைப்பீர்களா, மாட்டீர்களா? நேரே கேட்டால் நம்முடைய ஆட்கள் பொய் சொல்லமாட்டார்கள். கேட்காதவனிடம் மட்டும்தான் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள்.

அடுத்த வருடம் ஜெஸீமா வருவாளா என்று எனக்கு நிச்சயமில்லாமல் இருந்தது. வந்தாள். கொழும்புக்குப் போகலாமே என்று வீட்டில் சொன்னார்களாம், இவள் கேட்கவில்லையாம். மிஸி மூன்று தரமும் சொட்டு விட்டாள். நேரமானதும் நான் கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் இருந்து டோர்ச்சை எடுத்தேன். சொல்வதற்கு முன்பே அவள் கண்ணை அகலத் திறந்து, இமையை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த விரல் இப்போது நன்றாக மடங்கியது. நான் அளவு அட்டையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் அதிக நேரமே பார்த்திருப்பேன்.

"எத்தனை?" என்று கேட்டாள்.

"எட்டு."

"எழுதுங்க" என்றாள். நான் எழுதி முடிக்கும்வரை இமையிலிருந்து அவள் விரலை எடுக்கவில்லை.